அப்பா வீட்டை இப்போதே எழுதி வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி நான்கு வருடம் ஆகிறது, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை உண்டு. கணவர் இன்னும் எச்1பி வேலை விசாவில்தான் இருக்கிறார், இருவரும் வேலை பார்க்கிறோம். திருச்சியில் அப்பாவுக்கு 76 வயது, அம்மாவும் இருக்கிறார். தில்லை நகர் வீட்டை என் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட வேண்டும் என்று அப்பா சொல்கிறார். தை மாதம் ஊருக்கு வரும்போதே ரெஜிஸ்டர் பண்ணிவிடலாம் என்கிறார். இன்றைக்கு வீட்டின் மதிப்பு சுமார் 1 கோடியே 70 லட்சம். லால்குடி பக்கம் ஒன்றரை ஏக்கர் நஞ்சையையும் சேர்த்து எழுதப் போகிறாராம். 60 லட்சம் டெபாசிட்டில் மூன்று வருடமாக என் பெயரும் இருக்கிறது, அதையும் எனக்கே அனுப்ப நினைக்கிறார். பெரியப்பா தன் பங்குக்கு 8 லட்சம் தருகிறேன் என்கிறார். கோயம்புத்தூரில் வீடு கட்டும் என் தம்பிக்கு நான் 40,000 டாலர் அனுப்பலாம் என்றிருக்கிறேன். பத்திர எழுத்தர் ‘அப்பா மகளுக்குக் கொடுத்தால் வரியே கிடையாது’ என்கிறார். இங்கே ஒரு தோழி ‘பாதி போய்விடும்’ என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: வணக்கம் அம்மா. பத்திர எழுத்தர் சொன்னது இந்தியாவுக்குச் சரி. தோழி சொன்னது எந்த நாட்டுக்கும் சரியில்லை, ஆனால் அவர் எதைக் கேள்விப்பட்டு அப்படிச் சொன்னார் என்பது புரிகிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தையில் வரும்போது அந்த வீட்டை செட்டில்மெண்டாக எழுதி வாங்காதீர்கள். அப்பாவை ஒரு உயில் எழுதி ரெஜிஸ்டர் செய்யச் சொல்லுங்கள். நிலத்துக்கோ உயிலைத் தவிர வேறு வழியே கிடையாது.

ஏன் என்று விளக்குகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

இந்தியாவில் அன்பளிப்பு வரிச் சட்டம் 1998 அக்டோபரிலேயே போய்விட்டது. வாரிசுச் சொத்துக்கான எஸ்டேட் வரி 1985-லேயே போயிற்று. இப்போது இருப்பது வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதி மட்டும்தான். உறவினர் அல்லாதவரிடமிருந்து வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் பணம் வந்தால் அது வாங்கியவரின் வருமானம். உறவினர் கொடுத்தால் எத்தனை கோடியானாலும் வரி இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்த விதி மாறவில்லை. அப்பா, மகள் என்றால் கேள்வியே இல்லை. முத்திரைத் தீர்வையும் தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்றால் ஒரு சதவீதம்தான், அதுவும் அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. ஒன்றே முக்கால் கோடி வீட்டை 50,000 ரூபாய்ச் செலவில் மாற்றிவிடலாம் என்றால் யாருக்குத்தான் கை பரபரக்காது? பத்திர ஆபீஸில் தினமும் நடப்பது இதுதான். மகளோ மகனோ திருச்சியிலேயே இருந்தால் நானும் சரி, எழுதிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் வாங்கும்போது இல்லை, என்றாவது விற்கும்போதுதான் இருக்கிறது. நீங்கள் அமெரிக்கக் குடிமகள். உலகத்தில் எங்கே லாபம் வந்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். அன்பளிப்பாக வந்த சொத்துக்கு அமெரிக்கச் சட்டம், கொடுத்தவர் எவ்வளவுக்கு வாங்கினாரோ அதையே உங்கள் அடக்க விலையாக எடுத்துக்கொள்ளும். உயில் மூலமாகவோ வாரிசாகவோ வந்தால், அவர் காலமான நாளின் சந்தை மதிப்புதான் உங்கள் அடக்க விலை. அப்பா இந்தியர், வீடு இந்தியாவில் இருக்கிறது என்பதால் இதில் ஒன்றும் மாறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பா எப்போது வாங்கினார் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் ஒரு உதாரணம் வைத்துக்கொள்கிறேன். 1988-ல் மனை 45,000 ரூபாய், 1993-ல் கட்டுமானம் 4 லட்சம். அன்றைய டாலர் மதிப்பில் இரண்டும் சேர்த்து சுமார் 16,000 டாலர்தான் வரும். இன்றைய 1 கோடியே 70 லட்சத்தை, டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2 லட்சம் டாலர். செட்டில்மெண்டில் வாங்கி நீங்கள் விற்றால் அமெரிக்கக் கணக்கில் லாபம் 1,84,000 டாலர். இந்தியாவில் கணக்கு வேறு. 2001-க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கமாக வைத்துக்கொள்ளலாம், அது 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், லாபம் 1 கோடியே 58 லட்சம். அதற்கு 12.5 சதவீதம், சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகள் எல்லாம் சேர்ந்து 23 லட்சத்துக்கு மேல் வரும், ஏறக்குறைய 27,800 டாலர். அமெரிக்காவில் மத்திய அரசின் 15 சதவீதம் என்றால் 27,600 டாலர். இந்தியாவில் கட்டியதை அங்கே கழித்துக்கொள்ளலாம் என்பதால் அந்தப் பகுதி ஏறத்தாழ நேராகிவிடும். பல பேர் இதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள், ‘இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறதே சார்’ என்று.

ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. கணவன் மனைவி சேர்ந்த வருமானம் 2,50,000 டாலரைத் தாண்டினால் முதலீட்டு வருமானத்தின் மேல் 3.8 சதவீதம் தனியாக ஒரு வரி உண்டு. வெளிநாட்டில் கட்டிய வரியை அதில் கழிக்க அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ் விடுவதில்லை. அது 7,000 டாலர் சுமாருக்கு வரும். அப்புறம் நியூ ஜெர்சி. அந்த மாநிலம் இன்னொரு மாநிலத்துக்குக் கட்டிய வரியைத்தான் கழிக்க விடும், இந்தியாவுக்குக் கட்டியதை விடாது (கலிஃபோர்னியாவிலும் இதே கதைதான்). உங்கள் இருவர் சம்பளத்தோடு இந்த லாபமும் சேர்ந்தால் 6.37 சதவீதப் படியில் விழும், அது 11,000 டாலருக்கு மேல். ஆக மொத்தம் 18,000 டாலர், நம் பணத்தில் 15 லட்சம் ரூபாய், அப்பா செட்டில்மெண்ட் எழுதிய ஒரே காரணத்தால் போகிறது. உயிலில் வந்து, வந்த சமயத்தின் மதிப்பிலேயே விற்றால், அமெரிக்கக் கணக்கில் லாபமே இல்லை, இந்த இரண்டு வரியும் இல்லை. இந்திய வரி மட்டும் இரண்டு வழியிலும் ஒன்றுதான், ஏனென்றால் இந்தியச் சட்டத்துக்கு உயிலானாலும் தானமானாலும் அப்பாவின் அடக்க விலையே உங்கள் அடக்க விலை.

இன்னொரு விஷயம், இது ரொம்பச் சின்னதாகத் தெரியும், ஆனால் மாதா மாதம் உறுத்தும். மாடி போர்ஷனில் யாராவது வாடகைக்கு இருக்கிறார்களா? செட்டில்மெண்ட் ஆன மறுநாளிலிருந்து அந்த வாடகை உங்களுடையது, நீங்கள் வெளிநாட்டில் இருப்பவர். வாடகை 14,000 ரூபாய் என்றாலும், குடியிருப்பவர் வரி பிடிப்பவருக்கான டேன் எண் வாங்கி, மாதம் 31.2 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்து, அரசாங்கத்துக்குக் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்குக் கொடுக்கும் வாடகைக்குக் குறைந்தபட்ச வரம்பு என்று எதுவும் கிடையாது. தில்லை நகரில் எந்தக் குடித்தனக்காரர் இதைச் செய்வார்? செய்ய மாட்டார், அப்புறம் பொறுப்பு அவர் தலையிலும் கேள்வி உங்கள் தலையிலும் விழும். அப்பா பெயரில் வீடு இருக்கும்வரை இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை.

விற்கும்போதும் அப்படித்தான். அப்பா விற்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் பிடிப்பார். நீங்கள் விற்றால் லாபத்தில் இல்லை, மொத்த விலையில் 12.5 சதவீதமும் அதன் மேல் சர்சார்ஜும் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தர வேண்டும், குறைவாகப் பிடிக்கச் சொல்லி வருமான வரி அலுவலகத்தில் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கினாலொழிய. அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும்போது வாங்குபவர் வேறு வீடு பார்க்கப் போய்விடுகிறார், இது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது.

சரி, அப்பாவும் அம்மாவும் உங்களோடு வந்து இருக்கப் போகிறார்கள், வீட்டை விற்றுவிடுவது என்றே முடிவு என்றால்? அப்போது அங்கே வருவதற்கு முன்பே அப்பாவே விற்கட்டும். வரி அவர் பெயரில் ஒரு முறை இந்தியாவில் மட்டும். 54இசி என்ற வரிச் சலுகைக் கடன் பத்திரத்தில் 50 லட்சம் வரை போட்டு அதையும் குறைக்கலாம். வரி கட்டிய மீதிப் பணத்தை அன்பளிப்பாக உங்களுக்கு அனுப்பினால் அமெரிக்காவில் அதற்கு வரியே இல்லை, படிவம் மட்டும்தான். நீங்கள் வாங்கி விற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்பாவுக்கு உயில் என்றால் மனசு கஷ்டப்படலாம், அதையும் நான் மறுக்கவில்லை. ‘நான் இருக்கும்போதே என் கையால் கொடுத்துவிட வேண்டும்’ என்று நினைப்பவரிடம் டாலர் கணக்கை நீட்டினால் எடுபடாது. அவரிடம் வேறு மாதிரி சொல்லுங்கள். செட்டில்மெண்ட் எழுதி நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால் அதை அவர் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது, வீடு அவருடையது இல்லை. நாளைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்து வீட்டை அடமானம் வைக்க வேண்டும் என்றால் அமெரிக்காவில் இருக்கும் உங்கள் கையெழுத்து வேண்டும். அவருக்கு அப்புறம் அம்மா இருக்கப் போகும் வீடு அது. உயில் என்றால் அவர் காலம் முழுக்க அவர் சொத்து, மாற்ற நினைத்தால் மாற்றலாம். உயிலிலேயே அம்மாவுக்கு ஆயுள்கால அனுபவ உரிமை எழுதி, அதன்பின் உங்களுக்கு என்று வைக்கலாம், ஆனால் அப்படி வைக்கும்போது உங்கள் அடக்க விலை எந்த நாளில் நிர்ணயமாகிறது என்பதை வாசகத்தைக் காட்டி உங்கள் சிபிஏவிடம் (அமெரிக்க ஆடிட்டர்) ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள். உயிலுக்கு முத்திரைத் தீர்வை இல்லை. சொத்து வாங்காத இரண்டு பேர் சாட்சி, அதில் ஒருவராவது அப்பாவைவிட வயதில் நன்றாக இளையவராக இருக்கட்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் கட்டாயம் பதியுங்கள். தம்பிக்கும் விவரம் தெரிந்திருக்கட்டும், இப்போதே, அப்பா வாயாலேயே. உயிலுக்கு எதிராக வருகிற வழக்குகளில் பெரும்பாலும் கோபம் பங்கில் இல்லை, தனக்குத் தெரியாமல் எழுதினார்கள் என்பதில்தான் இருக்கிறது.

லால்குடி நிலத்துக்கு வருவோம். இதில் பத்திர எழுத்தர் எச்சரிக்காதது எனக்கு வருத்தம்தான். வருமான வரி வேறு, ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம் வேறு. வெளிநாட்டில் இருக்கும் இந்தியரோ ஓசிஐ அட்டைக்காரரோ விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கும் வாங்க முடியாது, அன்பளிப்பாகவும் வாங்க முடியாது. பெற்ற அப்பாவே கொடுத்தாலும் முடியாது. வாரிசாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். சார் பதிவாளர் ஆபீஸில் இதைக் கேட்டுத் தடுப்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள், பத்திரம் பதிவாகி, பட்டா மாறி, கிஸ்தியும் கட்டிக்கொண்டிருப்பீர்கள், பத்து வருடம் கழித்து விற்று பணத்தை வெளியே அனுப்பப் பேங்குக்குப் போகும்போது ‘இது எப்படி வந்தது’ என்று கேட்பார்கள். ஃபெமா அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். ஆகவே நிலம் உயிலில்தான். அப்படி வந்த நிலத்தையும் பின்னால் விற்பதென்றால் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமக்களுக்குத்தான் விற்கலாம். இல்லை, தம்பிக்கே அந்த நிலத்தை எழுதிவிட்டு உங்களுக்கு வேறு வகையில் ஈடு செய்வது என்று குடும்பமாகப் பேசி முடித்தால் அது இன்னும் சுலபம்.

இப்போது டெபாசிட். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது: மூன்று வருடமாக என் பெயரும் இருக்கிறது. எஃப்பிஏஆர் போட்டீர்களா? வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் உங்கள் பெயர் இருக்கும் எல்லாவற்றையும் கூட்டி, வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்க நிதித் துறைக்கு அறிக்கை போட வேண்டும். பணம் அப்பாவுடையது, வட்டி அப்பாவுக்குப் போகிறது, ஒரு ரூபாய்கூட நீங்கள் தொட்டதில்லை என்பதெல்லாம் இதற்குப் பொருட்டில்லை, கூட்டுக் கணக்கில் பெயர் இருந்தாலே முழுத் தொகையையும் காட்ட வேண்டும். பெற்றோர் ‘எனக்கு ஏதாவது ஆனால் உதவுமே’ என்று பிள்ளை பெயரைச் சேர்ப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு அது ஒரு படிவம். தெரியாமல் விட்டதற்கே வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் அபராதம் போட முடியும். 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிட்னர் வழக்கில், தெரியாமல் விட்டவருக்கு அபராதம் கணக்குக்கு ஒன்று இல்லை, வருடத்து அறிக்கைக்கு ஒன்று என்று தீர்ப்பளித்தது ஒரு ஆறுதல்.

பயப்பட வேண்டாம், சரி செய்யலாம். வட்டி உண்மையிலேயே அப்பாவுடையது, அவர் தன் ரிட்டர்னில் காட்டி வரி கட்டியிருக்கிறார், உங்கள் அமெரிக்க ரிட்டர்னில் விடுபட்ட வருமானம் எதுவும் இல்லை என்றால், ஐஆர்எஸ்ஸிலிருந்து கடிதம் வருவதற்கு முன்பே நீங்களாகக் காரணத்தோடு தாமத எஃப்பிஏஆர் போட்டுவிட்டால் அபராதம் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும் நடைமுறை இருக்கிறது. அது கடிதம் வருவதற்கு முன் என்பது முக்கியம். உங்கள் சொந்த என்ஆர்இ (வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் பணத்துக்கானது), என்ஆர்ஓ (இந்தியாவில் வரும் பணத்துக்கானது) கணக்கு வட்டி விடுபட்டிருந்தால் இது வேறு கதை, அதற்குத் தனி வழி இருக்கிறது, ஒரு சிபிஏவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மற்ற எல்லா வேலையையும் தை வரை தள்ளலாம், இதை இந்த வாரமே எடுங்கள்.

அந்த 60 லட்சத்தை எப்படி வாங்குவது? இரண்டு வழி. ஒன்று, அப்பா ரூபாயாகவே உங்கள் என்ஆர்ஓ கணக்குக்குப் போடலாம் (என்ஆர்இ கணக்குக்குப் போடக் கூடாது, பேங்கில் யாராவது சரி என்று வாங்கிக்கொண்டாலும் கூடாது). அங்கிருந்து சி.ஏ. சான்றிதழோடு வருடத்துக்கு 10 லட்சம் டாலர் வரை நீங்கள் எடுத்துப் போகலாம். இன்னொன்று, அப்பாவே நேராக உங்கள் அமெரிக்கக் கணக்குக்கு அனுப்புவது. இந்தியாவில் இருப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், 60 லட்சம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகிற பகுதிக்குப் பேங்க் 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும், 60 லட்சத்தையும் ஒரே தடவை அனுப்பினால் 10 லட்சம் ரூபாய் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். இது கூடுதல் வரி இல்லை, அப்பா ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், இருந்தாலும் 76 வயதில் ரீஃபண்டுக்கு அலைய வைக்க வேண்டுமா? மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று பிரித்தாலே பாரம் குறைகிறது. அவசரம் இல்லையென்றால் என்ஆர்ஓ வழி நல்லது. எந்த வழியானாலும் ஒரு அன்பளிப்புக் கடிதம், அப்பா கையெழுத்தோடு, உறவு முறை எழுதி, இது கடன் இல்லை என்று ஒரு வரி சேர்த்து. ரொக்கமாகக் கையில் கொடுப்பது மட்டும் வேண்டாம், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை முழுக்க அபராதமாகப் போகலாம், அப்பா மகளுக்கும் விலக்கில்லை.

பெரியப்பாவின் 8 லட்சம். இந்திய வருமான வரிக்கு அவர் உறவினர்தான், பெற்றோரின் உடன்பிறந்தவர் கொடுத்தால் வரி இல்லை. ஆனால் ஃபெமாவில் உறவினர் பட்டியல் கம்பெனிச் சட்டத்திலிருந்து எடுத்தது, அதில் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், அவர்களின் துணைவர், உடன்பிறந்தவர்களோடு சரி. பெரியப்பா, சித்தி, மாமா, தாத்தா, பாட்டி யாரும் இல்லை. அதனால் அவர் உங்கள் என்ஆர்ஓ கணக்கில் போட வேண்டாம், தன் பேங்க் மூலம் நேராக அமெரிக்காவுக்கு அனுப்பட்டும். 10 லட்சத்துக்குள் என்பதால் டிசிஎஸ்ஸும் இல்லை. ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும், இது ஒருவழிப் பாதை. பின்னொரு நாள் பெரியப்பாவின் வைத்தியத்துக்கு நீங்கள் 5 லட்சம் அனுப்பினால், அவருக்கு நீங்கள் சட்டப்படி உறவினர் இல்லை, உடன்பிறந்தவரின் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை, அவர் அதற்கு வரி கட்ட வேண்டியிருக்கும். அப்படி ஒரு தேவை வந்தால் ஆஸ்பத்திரிக்கே நேராகக் கட்டுவதா, அப்பாவுக்கு அனுப்பி அவர் தன் அண்ணனுக்குக் கொடுப்பதா என்று அப்போது கேளுங்கள், சொல்கிறேன்.

உங்கள் தோழி சொன்ன ‘பாதி’ எங்கிருந்து வந்திருக்கும் என்றால், படிவம் 3520. அமெரிக்கர் அல்லாத தனிநபர்களிடமிருந்து ஒரு வருடத்தில் 1,00,000 டாலருக்கு மேல் அன்பளிப்போ வாரிசுச் சொத்தோ வந்தால் ஐஆர்எஸ்ஸுக்கு இந்தப் படிவம் போட வேண்டும், உங்கள் ரிட்டர்னோடு ஒட்டி இல்லை, தனியாக, ரிட்டர்னுக்கு உரிய அதே கெடுவுக்குள். வரி ஒரு டாலர்கூட இல்லை. போடாவிட்டால் மாதம் 5 சதவீதம், அதிகபட்சம் 25 சதவீதம் அபராதம். 2 லட்சம் டாலர் வீடு என்றால் 50,000 டாலர் வரை. முன்பு தாமதமாகப் போட்டவுடனேயே அபராத நோட்டீஸ் இயந்திரம் மாதிரி வந்துகொண்டிருந்தது, 2024 இறுதியில் ஐஆர்எஸ் அதை நிறுத்தி, காரணத்தைப் படித்துப் பார்த்த பிறகே முடிவு செய்வதாக அறிவித்தது. ஆனாலும் சட்டம் அப்படியே இருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம்: அப்பா, அம்மா, பெரியப்பா மூவரும் ஒருவருக்கொருவர் உறவு என்பதால் மூவர் கொடுப்பதையும் கூட்டித்தான் 1,00,000 பார்க்க வேண்டும். ஆளுக்கு 60,000 என்று பிரித்தால் தப்பித்துவிடலாம் என்பது நடக்காது. 60 லட்சமும் 8 லட்சமும் சேர்ந்தால் 80,000 டாலர், இந்த வருடம் அது மட்டும் என்றால் படிவம் தேவையில்லை. கூட வீடும் சேர்ந்தால் தேவை.

தம்பிக்கு நீங்கள் அனுப்புவதில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் அன்பளிப்பு வரி கொடுப்பவருக்கு. ஒருவருக்கு வருடத்துக்கு 19,000 டாலர் வரை (2025, 2026 இரண்டுக்கும் இதே தொகை) எதுவும் தெரிவிக்க வேண்டாம். தம்பிக்கு 19,000, தம்பி மனைவிக்கு 19,000 என்று அனுப்பினால் 38,000 ஆயிற்று, மீதியை ஜனவரியில் அனுப்புங்கள். மொத்தமாக 40,000 தம்பிக்கே அனுப்பினாலும் படிவம் 709 போட வேண்டும், அவ்வளவுதான், வாழ்நாள் விலக்கு 2026-ல் ஒன்றரைக் கோடி டாலர், அதில் இது ஒரு மூலைக்குக் காணாது. இந்தியாவில் தம்பிக்கும் அவர் மனைவிக்கும் வரி இல்லை, நாத்தனாரும் பட்டியலில் உண்டு. பேங்க் கணக்கிலிருந்து நேராக அனுப்புங்கள். 2026 ஜனவரி முதல் ரொக்கமாகவோ மணி ஆர்டராகவோ காசாளர் காசோலையாகவோ கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஒரு சதவீத வரி வந்திருக்கிறது, கணக்கிலிருந்து அனுப்பினால் அது இல்லை. கணவர் குடிமகன் இல்லை என்பதால் அவருக்கு நீங்கள் கொடுப்பதற்கும் ஒரு வருட வரம்பு உண்டு, 2025-ல் அது 1,90,000 டாலர். வீட்டுச் செலவுக்கு அந்தப் பக்கம் போகவே மாட்டீர்கள், பெரிய தொகையை அவர் பெயருக்கு மாற்றும்போது மட்டும் நினைவில் வையுங்கள்.

தையில் வரும்போது உயில் பதிவோடு இன்னொரு வேலையும் முடித்துவிடுங்கள். அப்பாவிடம் உட்கார்ந்து மனைக் கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், பிளான் அப்ரூவல், கட்டும்போது வாங்கிய லோன் பாஸ்புக், செங்கல் சிமெண்ட் ரசீது எது இருந்தாலும் ஸ்கேன் பண்ணுங்கள், பின்னால் மாடி எடுத்திருந்தால் எந்த வருடம் எவ்வளவு செலவு என்று அவர் கைப்பட எழுதி வாங்குங்கள். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பு அறிக்கையும் இப்போதே எடுத்து வையுங்கள், அதில் காட்டும் தொகை அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது என்று 2020-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், அதனால் அந்தத் தெருவின் 2001 வழிகாட்டி மதிப்பையும் சார் பதிவாளர் ஆபீஸில் எழுதி வாங்கி அதோடு வையுங்கள். இந்த விவரமெல்லாம் இப்போது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.